விஎம் டெம்ப்ளேட்: ஒரு சர்வரை ஒருமுறை செய்து பலமுறை பயன்படுத்துவது எப்படி?

ஒரு மென்பொருள் குழு எட்டு லினக்ஸ் சர்வர்கள் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயங்குதளத்தை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை மாட்டி, மொழி, நேர மண்டலம், டிஸ்க் பிரிப்பு, கடவுச்சொல் என்று ஒவ்வொரு திரையாகத் தாண்டி, அப்டேட் போட்டு முடிப்பதற்குள் ஒரு சர்வருக்கே கணிசமான நேரம் போய்விடும். நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது சர்வரில் நேர மண்டலம் யுடிசி-யிலேயே நின்றுவிடும், ஏழாவதில் ஃபயர்வாலை இயக்க மறந்திருப்போம். சில மாதங்கள் கழித்து ஒரே ஒரு சர்வரில் மட்டும் வரும் கோளாறுக்குக் காரணம் தேடும்போதுதான், எட்டும் எட்டு விதமாக இருப்பது தெரியவரும்.

இதைத் தவிர்க்கத்தான் டெம்ப்ளேட். ஒரு சர்வரை ஒருமுறை கவனமாகத் தயார் செய்து, அதை அச்சாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் அதிலிருந்து புதிய சர்வரை எடுப்பது. கருத்து இவ்வளவுதான். ஆனால் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டெம்ப்ளேட்டில் எதைச் சேர்ப்பது என்று நிறைய யோசிக்கிறோம், எதை நீக்குவது என்று யோசிப்பதில்லை. நல்ல டெம்ப்ளேட்டையும் வெறும் நகலையும் பிரிப்பது அந்த நீக்கம்தான். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியே.

நகல் எடுத்தால் மட்டும் போதாதா?

விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம், என்பது ஒரு நிஜக் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி. அதை இயக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ் 2001-ல் வந்தது. லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம், 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 பதிப்பில் சேர்ந்தது. வியன்னாவில் உருவாகி 2008 முதல் வெளிவரும் ப்ராக்ஸ்மாக்ஸ் அந்தக் கேவிஎம்மின் மேல் கட்டப்பட்டது. வீட்டில் பழைய கணினி ஒன்றை வைத்துப் பழக விரும்புகிறவர்களுக்கு அது வசதியானது, உரிமக் கட்டணமும் இல்லை. அதனால் இங்கே அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

விஎம்மின் ஹார்ட் டிஸ்க் என்பது பெரும்பாலும் ஒரு கோப்புதான். கோப்பு என்றால் நகல் எடுக்கலாம். அப்படியென்றால் ஒரு சர்வரை நிறுவி, அந்தக் கோப்பை எட்டு முறை நகல் எடுத்தால் எட்டு சர்வர் ஆகிவிடாதா?

ஆகும். எட்டும் பூட் ஆகும். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஓர் இயங்குதளத்தை நிறுவும்போது கோப்புகள் டிஸ்க்கில் பதிவதோடு, 'நான் இன்ன கணினி' என்று உலகத்திடம் சொல்லிக்கொள்ளத் தேவையான சில தனி அடையாளங்களும் உள்ளே உருவாகிவிடுகின்றன. நகல் எடுக்கும்போது அவையும் கூடவே வரும். பெயரும் முகவரியும் எழுதி நிரப்பிய விண்ணப்பப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து எட்டுப் பேரிடம் கொடுப்பதும் இதுவும் ஒன்று. கொடுக்க வேண்டியது நிரப்பாத படிவம்.

இந்த அடையாளங்களில் ஒன்று என்ன பாடு படுத்தும் என்பதற்கு உபுண்டு சர்வரையே பார்க்கலாம். உபுண்டு 22.04-ஐ நிறுவி, அதை அப்படியே இரண்டு குளோன் (நகல் விஎம்) எடுத்து, இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் இயக்குங்கள். ஹைப்பர்வைசர் இரண்டுக்கும் வெவ்வேறு மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கொடுத்திருக்கும். ஆனாலும் நெட்வொர்க்கில் ஐபி முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி சர்வர் இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுக்கக்கூடும். ஒன்றுக்கு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) செய்தால் இன்னொன்று பதில் சொல்லும், இணைப்பு திடீர் திடீரென அறுந்துபோகும். புதிதாக வந்தவர்கள் ரவுட்டரைச் சந்தேகிப்பார்கள், கேபிளைச் சந்தேகிப்பார்கள், மேக் முகவரியைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள்.

காரணம் எட்சி அடைவில் இருக்கும் மெஷின்-ஐடி என்ற சின்னஞ்சிறு கோப்பு. அதில் 32 எழுத்து நீளமுள்ள ஒரு பதினறும எண் இருக்கும். பூட்டையும் சேவைகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டியைப் பயன்படுத்தும் எல்லா லினக்ஸ்களிலும் இது உண்டு. சிஸ்டம்டியின் நெட்வொர்க் சேவை ஐபி முகவரி கேட்கும்போது தன்னை மேக் முகவரியால் அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. இந்த மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய ஓர் அடையாளத்தைத்தான் காட்டுகிறது. இரண்டு குளோனிலும் அது ஒன்றே என்பதால், டிஹெச்சிபி சர்வர் 'இவர் நமக்குத் தெரிந்தவர்தானே' என்று பழைய முகவரியையே திரும்பக் கொடுக்கிறது. அதன் மேல் தவறே இல்லை.

லினக்ஸில் துடைக்க வேண்டியவை

மெஷின்-ஐடியைத் துடைப்பது எளிது, ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. கோப்பை அழிக்காதீர்கள். கோப்பு இருக்கட்டும், உள்ளடக்கம் மட்டும் பூஜ்யம் பைட் ஆகட்டும். அதற்கு ட்ரங்கேட் என்ற கட்டளை இருக்கிறது. காலியான கோப்பைப் பார்த்தால், அடுத்த பூட்டில் சிஸ்டம்டி புதிய எண்ணை எழுதிக்கொள்ளும். டிபஸ் என்ற சேவைக்கும் வார்-லிப்-டிபஸ் அடைவில் இதேபோல ஒரு கோப்பு இருக்கும். அது தனிக் கோப்பாக இல்லாமல் முதல் கோப்பைச் சுட்டும் இணைப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீ. நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான், ஏனென்றால் இது வெளியே தெரியாது. ஐபி முகவரி மோதினால் ஒரு மணி நேரத்தில் யாராவது புகார் சொல்லிவிடுவார்கள். ஹோஸ்ட் கீ ஒன்றாக இருந்தால் எல்லாம் சரியாகவே வேலை செய்யும், ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு சர்வரோடு எஸ்எஸ்ஹெச்சில் இணையும்போது, 'நான் அந்தச் சர்வர்தான்' என்று அது நிரூபிப்பது தன்னிடம் இருக்கும் ரகசியக் கீயை வைத்துத்தான். எட்டு சர்வரிலும் அதே கீ என்றால், அவற்றில் ஒன்றில் ரூட் (முழு நிர்வாக) அனுமதி பெற்ற எவரும் மற்ற ஏழாக வேடம் போடலாம். அதிகம் கண்டுகொள்ளாத ஒரு சோதனைச் சர்வரை உடைத்து, அதன் கீயைக் கொண்டு நிதிப் பிரிவின் சர்வராக நடிக்க முடியும். இணைகிறவர் கணினி எந்த எச்சரிக்கையும் காட்டாது.

ஆகவே எட்சி-எஸ்எஸ்ஹெச் அடைவில் ஹோஸ்ட் கீ என்று தொடங்கும் கோப்புகள் அனைத்தையும் நீக்க வேண்டும். இங்கே லினக்ஸ் விநியோகங்களுக்குள் (டிஸ்ட்ரோ) ஒரு வேறுபாடு இருக்கிறது. ரெட் ஹாட், ராக்கி, அல்மா வகைகளில் கீ இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் சேவை தொடங்கும் முன் தானாகவே புதிய கீ உருவாகிவிடும். டெபியனில் அப்படி இல்லை. கீயை நீக்கிவிட்டு வேறு ஏற்பாடு செய்யாமல் விட்டால், குளோனில் எஸ்எஸ்ஹெச் சேவை தொடங்காமலே நின்றுவிடும், கன்சோல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். அந்த ஏற்பாட்டைச் செய்வது கிளவுட்-இனிட், அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பழைய லாக் கோப்புகள், தற்காலிக அடைவுகள், பாஷ் வரலாறு, பேக்கேஜ் கேஷ், டிஹெச்சிபி லீஸ் பதிவுகள், சிஸ்டம்டி சேமித்துவைக்கும் ரேண்டம் சீட் கோப்பு, ஹோஸ்ட்நேம், நீங்கள் உள்ளே நுழையப் பயன்படுத்திய உங்கள் சொந்த எஸ்எஸ்ஹெச் பொதுக் கீ எல்லாம் போக வேண்டும். ரெட் ஹாட் என்றால் சந்தாப் பதிவையும் விலக்க வேண்டும். சென்ட்ஓஎஸ் 6 காலத்தில் யூடெவ் விதிக் கோப்பு ஒன்று பழைய மேக் முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு, குளோனில் ஈத்0 இருக்க வேண்டிய இடத்தில் ஈத்1-ஐக் கொண்டுவந்து நிறுத்தும். இப்போதைய விநியோகங்களில் அந்தத் தொல்லை இல்லை.

இத்தனையையும் கையால் செய்யத் தயக்கமாக இருந்தால் விர்ட்-சிஸ்ப்ரெப் என்ற கருவி இருக்கிறது. லிப்கெஸ்ட்எஃப்எஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அணைத்து வைத்திருக்கும் விஎம்மின் டிஸ்க் கோப்பை வெளியிலிருந்தே திறந்து, மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே ஓட்டத்தில் துடைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் டிஸ்க் மேல் அதை ஒருபோதும் இயக்காதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் ஃபைல் சிஸ்டம் சிதைந்துவிடும்.

கிளவுட்-இனிட்: படிவத்தை நிரப்புகிறவர்

அடையாளங்களை நீக்கிவிட்டோம். புதிய குளோனுக்குப் பெயர், ஐபி, பயனர், கீ எல்லாவற்றையும் யார் கொடுப்பது? ஒவ்வொன்றிலும் கன்சோலைத் திறந்து கையால் தட்டச்சு செய்தால் பாதி வேலை மிச்சமாகவே இருக்கும்.

2006-ல் அமேசான் ஈசி2 வந்தபோதே இந்தக் கேள்வியும் கூடவே வந்தது. ஒரே இமேஜிலிருந்து முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சர்வர் எடுக்கிறார்கள், ஒவ்வொருவருடைய கீயும் வேறு. இதற்காகக் கனானிக்கல் நிறுவனம் உபுண்டுவுக்கென்று உருவாக்கியதுதான் கிளவுட்-இனிட். இன்று ஏறக்குறைய எல்லா லினக்ஸ் விநியோகங்களின் கிளவுட் இமேஜ்களிலும் அது இருக்கிறது.

அது வேலை செய்யும் விதம் அழகானது. பூட் ஆகும்போது கிளவுட்-இனிட், 'எனக்கு ஏதாவது குறிப்பு வைத்திருக்கிறார்களா?' என்று தேடும். அமேசானில் 169.254.169.254 என்ற முகவரியில் கேட்டுப் பார்க்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற இடங்களில் ஹைப்பர்வைசர் ஒரு சின்ன சிடி டிரைவை விஎம்மில் மாட்டியிருக்கும், அதற்குள் குறிப்புகள் இருக்கும். அந்தக் குறிப்பில் இன்ஸ்டன்ஸ்-ஐடி என்று ஓர் எண் உண்டு. தான் முன்பு சேமித்த எண்ணும் இதுவும் வேறாக இருந்தால், 'ஓ, இது புதிய சர்வர்' என்று புரிந்துகொண்டு முதல் பூட் வேலைகளை எல்லாம் செய்யும். ஹோஸ்ட்நேம் வைக்கும், பயனரை உருவாக்கும், எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீயைப் புதிதாக உருவாக்கும், நெட்வொர்க்கை அமைக்கும், பெரிதாக்கிய டிஸ்க்குக்கு ஏற்ப ரூட் பார்ட்டிஷனை நீட்டும். எண் பழையதே என்றால் ரீபூட் என்று எடுத்துக்கொண்டு இவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடாது.

கிளவுட்-இனிட் ஒருமுறை ஓடிய விஎம்மையே டெம்ப்ளேட்டாக மாற்றப் போகிறீர்கள் என்றால், அணைக்கும் முன் அதன் கிளீன் கட்டளையை இயக்குங்கள். சேமித்த நிலையை அது மறந்துவிடும். லாக்கையும் மெஷின்-ஐடியையும் சேர்த்துத் துடைக்க அந்தக் கட்டளையிலேயே தேர்வுகள் உண்டு.

ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரு டெபியன் டெம்ப்ளேட்

இப்போது கையோடு செய்து பார்க்கலாம். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஐஎஸ்ஓவிலிருந்து முழுதாக நிறுவி, துடைத்து, டெம்ப்ளேட்டாக்குவது ஒன்று. விநியோகமே தயார் செய்து தரும் கிளவுட் இமேஜை எடுத்துக்கொள்வது மற்றொன்று. தொடங்குகிறவர்களுக்கு இரண்டாவது வழியையே சொல்வேன். டெபியன், உபுண்டு, ராக்கி, அல்மா எல்லோரும் இந்த இமேஜ்களை வெளியிடுகிறார்கள். அடையாளங்கள் ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கும், கிளவுட்-இனிட் உள்ளேயே இருக்கும், டிஸ்க்கும் சில ஜிபி மட்டுமே.

டெபியன் தளத்தில் ஒரே பதிப்புக்குப் பல வகை இமேஜ்கள் இருக்கும். ஜெனரிக் அல்லது ஜெனரிக்-கிளவுட் என்று இருப்பதை எடுங்கள். நோ-கிளவுட் என்று ஒன்று இருக்கும். அதில் கிளவுட்-இனிட் இல்லை, கடவுச்சொல் இல்லாமலே ரூட்டாக நுழையலாம், சோதனைக்கு மட்டுமே உகந்தது. கிளவுட்-இனிட்டும் தன் குறிப்பு மூலங்களில் ஒன்றுக்கு நோகிளவுட் என்றே பெயர் வைத்திருப்பதால், பெயரைப் பார்த்து இதைத் தரவிறக்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. தரவிறக்கியதும் செக்சம்மைச் சரிபாருங்கள், கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று அது காட்டும். இந்த ஒரு கோப்பிலிருந்துதான் உங்கள் எல்லாச் சர்வர்களும் பிறக்கப் போகின்றன.

அடுத்து ப்ராக்ஸ்மாக்ஸில் டிஸ்க் இல்லாத ஒரு விஎம்மை உருவாக்குங்கள். டெம்ப்ளேட்களுக்கு 9000 என்று தொடங்கும் எண்களை ஒதுக்குவது பலரும் கடைப்பிடிக்கும் பழக்கம், பட்டியலில் தனியாகத் தெரியும். தரவிறக்கிய க்யூகவ்2 (டிஸ்க் இமேஜ்) கோப்பை அந்த விஎம்முக்குள் இறக்குமதி செய்து, விர்ட்ஐஓ ஸ்கஸி டிஸ்க்காக இணைத்து, பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள். கிளவுட்-இனிட் டிரைவ் ஒன்றைச் சேருங்கள். சீரியல் போர்ட் ஒன்றையும் சேருங்கள். சில கிளவுட் இமேஜ்கள் பூட் செய்திகளை அதன் வழியாகத்தான் அனுப்பும், அது இல்லையென்றால் கன்சோல் வெறுமையாக நிற்கலாம். க்யூஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட்டை இயக்கத்தில் வையுங்கள். விஎம்மின் ஐபியை வெளியே காட்டவும், பேக்கப் எடுக்கும்போது ஃபைல் சிஸ்டத்தை ஒரு நொடி நிறுத்திவைக்கவும் அது தேவை. உபுண்டுவின் கிளவுட் இமேஜில் இந்த ஏஜென்ட் கிடையாது. விர்ட்-கஸ்டமைஸ் கருவியால் இமேஜுக்குள் முன்கூட்டியே நிறுவிக்கொள்ளலாம். அப்படி நிறுவும்போது மெஷின்-ஐடி நிரம்பிவிடக்கூடும், அதனால் கடைசியில் மறுபடி காலி செய்துவிடுங்கள்.

சிபியு வகையைத் தேர்வதில் ஒரு வார்த்தை. பழைய கேவிஎம்64 வகையை விட்டுவைத்தால் ரெட் ஹாட் 9 வழி வந்த ராக்கி 9, அல்மா 9 போன்றவை பூட் ஆகாமலே கெர்னல் பேனிக் ஆகும். அவை எக்ஸ்86-64-வி2 என்ற நிலையையாவது எதிர்பார்க்கின்றன. ப்ராக்ஸ்மாக்ஸ் 8 முதல் புதிய விஎம்களுக்கு அந்த நிலைதான் இயல்பாக வருகிறது. பழைய அமைப்பிலிருந்து கொண்டுவந்த டெம்ப்ளேட்களில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த விஎம்மை இயக்காமலே 'டெம்ப்ளேட்டாக மாற்று' என்று கொடுங்கள். அதன் டிஸ்க் படிக்க மட்டுமே கூடியதாகிவிடும், அந்த விஎம்மை இனி இயக்க முடியாது. இந்தப் பூட்டு வேண்டுமென்றே போடப்பட்டது. யாராவது தவறுதலாக இயக்கிவிட்டால், துடைத்த அடையாளங்கள் எல்லாம் மறுபடி முளைத்துவிடும்.

டெம்ப்ளேட்டிலிருந்து குளோன் எடுக்கும்போது முழுக் குளோனா, இணைப்புக் குளோனா என்று கேட்கும். முழுக் குளோன் என்றால் டிஸ்க் முழுவதும் நகலாகும். நேரமும் இடமும் பிடிக்கும், ஆனால் டெம்ப்ளேட்டோடு உறவே இருக்காது. இணைப்புக் குளோன் நொடிகளில் தயாராகும். அது டெம்ப்ளேட்டின் டிஸ்க்கையே அடித்தளமாகப் படித்துக்கொண்டு, மாறியவற்றை மட்டும் தன்னிடம் எழுதிக்கொள்ளும். அடித்தளம் போனால் அதன் மேல் இருக்கும் அத்தனையும் போகும். சோதனைச் சர்வர்களுக்கு இணைப்புக் குளோனும், நீண்ட நாள் ஓட வேண்டியவற்றுக்கு முழுக் குளோனும் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

குளோன் எடுத்ததும் கிளவுட்-இனிட் தாவலில் பயனர் பெயர், உங்கள் எஸ்எஸ்ஹெச் பொதுக் கீ, ஐபி ஆகியவற்றை நிரப்பி, டிஸ்க்கை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி, இயக்குங்கள். விஎம்முக்கு நீங்கள் வைத்த பெயரே ஹோஸ்ட்நேம் ஆகிவிடும். ஓரிரு நிமிடங்களில் உள்ளே நுழையலாம்.

விண்டோஸ் சர்வர்

விண்டோஸிலும் தத்துவம் அதேதான், கருவி வேறு. அங்கே துடைக்கும் வேலையைச் செய்வது சிஸ்ப்ரெப். விண்டோஸ் அடைவில் சிஸ்டம்32-க்குள் தனி ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கும். ஜெனரலைஸ், ஓஓபிஇ, ஷட்டவுன் என்ற மூன்று தேர்வுகளோடு அதை இயக்க வேண்டும். முதலாவது அடையாளங்களை நீக்கும், இரண்டாவது அடுத்த பூட்டில் தொடக்க அமைப்புத் திரையைக் கொண்டுவரும், மூன்றாவது அணைத்துவிடும். அணைந்த பிறகு இயக்காமல் டெம்ப்ளேட்டாக மாற்றிவிட வேண்டும். வாங்கும் முன் பழகிப் பார்க்க, மைக்ரோசாஃப்ட் தரும் 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பு போதும்.

விண்டோஸின் அடையாளங்களில் பெயர் பெற்றது எஸ்ஐடி. ஒவ்வொரு விண்டோஸ் நிறுவலுக்கும் உருவாகும் நீண்ட எண் அது. இதைப் பற்றிய கருத்து மாறி மாறி வந்திருக்கிறது. குளோன் செய்தால் எஸ்ஐடியை மாற்றியே ஆக வேண்டும் என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். அதற்கென்று நியூசிட் என்ற கருவியை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ருசினோவிச், 2009 நவம்பரில் அந்தக் கருவிக்கே ஓய்வு கொடுத்தார். இரண்டு கணினிகளுக்கு ஒரே எஸ்ஐடி இருப்பதால் பாதுகாப்புக் கேடு எதுவும் வருவதில்லை என்று விளக்கினார். கூடவே, மற்ற அடையாளங்களுக்காகச் சிஸ்ப்ரெப் இன்னும் தேவை, மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கும் வழியும் அதுவே என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு சிஸ்ப்ரெப்பையே கைவிட்டவர்கள் ஏராளம்.

சிஸ்ப்ரெப் இல்லாத அந்தப் பழக்கம் பதினாறு ஆண்டுகள் ஓடியது. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்களில், விண்டோஸ் சர்வர் 2025-லும் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2, 25ஹெச்2 பதிப்புகளிலும் எஸ்ஐடி சரிபார்ப்பை மைக்ரோசாஃப்ட் இறுக்கியது. ஒரே எஸ்ஐடி உள்ள கணினிகள் ஒன்றோடொன்று பேசும்போது கெர்பரோஸ், என்டிஎல்எம் என்ற உள்நுழைவு முறைகளின் உறுதிப்படுத்தல் தோற்கத் தொடங்கியது. சரியான கடவுச்சொல் கொடுத்தும் பகிர்ந்த ஃபோல்டர் திறக்காது, ரிமோட் டெஸ்க்டாப் இணையாது. நிரந்தரத் தீர்வாக மைக்ரோசாஃப்ட் சொன்னது, அந்தக் கணினிகளை முறையான வழியில் மறுபடி உருவாக்குவது. 'இன்று வேலை செய்கிறதே' என்பது டெம்ப்ளேட் விஷயத்தில் ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

உரிமம் செயல்படுத்தும் கேஎம்எஸ் முறையிலும் இதே கதை உண்டு. விண்டோஸ் சர்வர்களுக்கு ஐந்து தனித்தனிக் கணினிகளாவது விண்ணப்பித்த பிறகுதான் கேஎம்எஸ் அனுமதி கொடுக்கத் தொடங்கும். ஜெனரலைஸ் செய்யாத டெம்ப்ளேட்டிலிருந்து பத்து சர்வர் எடுத்தாலும், பத்தும் ஒரே அடையாளத்தைக் காட்டுவதால் எண்ணிக்கை ஒன்றைத் தாண்டாது.

சிஸ்ப்ரெப்புக்குக் கொடுக்கும் டெம்ப்ளேட் விஎம்மை டொமைனில் (மையமாக நிர்வகிக்கப்படும் நிறுவனக் கணினிக் குழுவில்) சேர்க்காதீர்கள். அது ஒர்க்குரூப்பில் இருக்கட்டும், குளோன்தான் டொமைனில் சேர வேண்டும். ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலரை நிறுவிய பிறகு சிஸ்ப்ரெப் செய்வது ஆதரிக்கப்படுவதே இல்லை. மொழி, நேர மண்டலம், நிர்வாகி கடவுச்சொல் முதலியவற்றைத் தானாக நிரப்ப, அன்அட்டெண்ட் என்ற எக்ஸ்எம்எல் பதில் கோப்பைத் தரலாம். அதில் கடவுச்சொல்லை 'மறைத்து' வைக்கும் தேர்வு வெறும் பேஸ்64 மாற்றம்தான். யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திரும்பப் படிக்கலாம். முதல் பூட் முடிந்ததும் அந்தக் கோப்பு அழியும்படி செய்யுங்கள், அந்தக் கடவுச்சொல்லையும் உடனே மாற்றுங்கள்.

கேவிஎம்மில் விண்டோஸ் நிறுவும்போது இரண்டு இடங்களில் நிற்க வேண்டியிருக்கும். விர்ட்ஐஓ டிஸ்க்கை விண்டோஸ் நிறுவிக்குத் தெரியாது, 'டிஸ்க் எதுவும் இல்லை' என்று சொல்லும். விர்ட்ஐஓ-வின் என்ற டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி, டிரைவரை ஏற்ற வேண்டும். நெட்வொர்க் டிரைவரையும் கெஸ்ட் ஏஜென்ட்டையும் அப்போதே நிறுவிவிடுங்கள். மற்றொன்று ரெக்கவரி பார்ட்டிஷன். சர்வர் 2022 போன்ற பதிப்புகளில் அது சி டிரைவுக்கு அடுத்து, டிஸ்க்கின் கடைசியில் போய் உட்கார்ந்துவிடும். குளோனில் டிஸ்க்கைப் பெரிதாக்கினாலும் புதிய இடம் அதற்கு அப்பால் வருவதால் சி டிரைவை நீட்ட முடியாது, எக்ஸ்டெண்ட் பொத்தான் மங்கலாகவே இருக்கும். டெம்ப்ளேட் செய்யும்போதே அந்தப் பார்ட்டிஷனை நீக்கிவிடலாம், அல்லது சி டிரைவுக்கு முன்னால் அமையும்படி நிறுவலாம். ஒருமுறை செய்தால் போதும், பிறகு எடுக்கும் ஒவ்வொரு சர்வரிலும் அந்தத் தலைவலி இருக்காது.

விஎம்வேர் வைத்திருப்பவர்களுக்குக் கஸ்டமைசேஷன் ஸ்பெசிஃபிகேஷன் என்ற வசதி உண்டு. குளோன் எடுக்கும்போது விண்டோஸுக்குள் சிஸ்ப்ரெப்பை அதுவே இயக்கிக்கொள்ளும்.

உள்ளே எதை வைப்பது?

எல்லாச் சர்வருக்கும் எப்போதும் வேண்டியது மட்டும் என்பது என் அளவுகோல். கெஸ்ட் ஏஜென்ட், நேரத்தைச் சரிப்படுத்தும் கிரோனி, நேர மண்டலம், நிறுவனத்தின் சொந்த ரூட் சான்றிதழ், லாக் அளவு வரம்பு, எஸ்எஸ்ஹெச் கடினப்படுத்தல், அண்மை வரையிலான அப்டேட்கள். அவ்வளவு போதும்.

எஞ்சினெக்ஸையும் போஸ்ட்கிரெஸையும் உள்ளேயே வைத்தால் இன்னும் வேகமாக இருக்குமே என்று தோன்றும். வெப் சர்வருக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று என்று டெம்ப்ளேட்கள் பெருகும், ஒவ்வொரு பாதுகாப்பு அப்டேட்டுக்கும் அத்தனையையும் புதுப்பிக்க வேண்டிவரும். ஒல்லியான ஒரே டெம்ப்ளேட்டை வைத்துக்கொண்டு, மேலே வேண்டியதை அன்சிபிள் போன்ற கருவியால் நிறுவுவதுதான் நீண்ட காலத்துக்குச் சுமை குறைவு. ஒரே நிமிடத்தில் ஐம்பது சர்வர் எழ வேண்டும் என்ற தேவை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் எல்லாவற்றையும் உள்ளே வைத்தே இமேஜ் செய்வார்கள், அதற்கேற்ற தானியங்கி ஏற்பாடும் அவர்களிடம் இருக்கும்.

கண்காணிப்பு ஏஜென்ட், பேக்கப் ஏஜென்ட், ஆன்டிவைரஸ், சால்ட் மினியன் (சால்ட் என்ற சர்வர் நிர்வாகக் கருவியின் ஏஜென்ட்) போன்றவற்றில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இவை நிறுவியதுமே மைய சர்வரிடம் பதிவு செய்து தனக்கென ஓர் அடையாளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அப்படிப் பதிந்த நிலையில் டெம்ப்ளேட் ஆனால், கண்காணிப்புத் திரையில் இருபது சர்வரும் ஒரே வரியாகத் தெரியும், அதில் ஒன்று விழுந்தாலும் எச்சரிக்கை வராமல் போகும். மென்பொருளை வேண்டுமானால் உள்ளே வையுங்கள், பதிவு மட்டும் குளோனின் முதல் பூட்டில் நடக்கட்டும்.

டிஸ்க்கைச் சிறிதாக வையுங்கள். வளர்ப்பது எளிது, சுருக்குவது மிகவும் கடினம். ரூட் பார்ட்டிஷன் டிஸ்க்கின் கடைசியில் இருந்தால்தான் தானாக நீளும், எனவே தனி ஸ்வாப் பார்ட்டிஷனை அதற்குப் பின்னால் போடாதீர்கள். ஸ்வாப் வேண்டுமென்றால் கோப்பாக வைத்துக்கொள்ளலாம்.

சரிபார்ப்பதும் புதுப்பிப்பதும்

டெம்ப்ளேட் சரியாக இருக்கிறதா என்று ஒரு குளோனை மட்டும் எடுத்துப் பார்த்தால் தெரியாது. ஒன்று தனியாக இருக்கும்போது எதனோடும் மோதாது. இரண்டு எடுத்து, ஒரே நேரத்தில் இயக்கி, இரண்டிலும் மெஷின்-ஐடி, ஹோஸ்ட் கீயின் விரல்ரேகை, ஐபி, ஹோஸ்ட்நேம், விண்டோஸ் என்றால் எஸ்ஐடி ஆகியவற்றை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். ஒன்றுகூட ஒத்துப்போகக் கூடாது. பிறகு இரண்டையும் ஒருமுறை ரீபூட் செய்து, மதிப்புகள் மாறாமல் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். முதல் பூட் வேலைகள் ஒவ்வொரு பூட்டிலும் திரும்ப ஓடினால் அதுவும் கோளாறுதான்.

டெம்ப்ளேட்டுக்கு வயதாகும். ஆறு மாதம் தொடாமல் விட்ட டெம்ப்ளேட்டிலிருந்து பிறக்கும் சர்வர், பிறக்கும்போதே ஆறு மாத ஓட்டைகளோடு வரும். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாயன்று அப்டேட் வெளியிடுகிறது. அதற்கு அடுத்த சில நாட்களில் மாதம் ஒருமுறை டெம்ப்ளேட்டைப் புதுப்பிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பழையதைத் திருத்துவதைவிடப் புதிதாக ஒன்று செய்து, பெயரிலேயே விநியோகத்தையும் ஆண்டு மாதத்தையும் சேருங்கள். 'இறுதி', 'இறுதி-புதியது' என்று பெயர் வைத்தால் அடுத்த ஆண்டு யாருக்கும் எதுவும் புரியாது.

மாதாமாதம் கையால் செய்வது சலிப்பைத் தரும், சலிப்பில் ஏதாவது ஒரு படி விட்டுப்போகும். அந்தக் கட்டம் வரும்போது பேக்கரைப் பாருங்கள். ஹஷிகார்ப் 2013-ல் வெளியிட்ட கருவி. எந்த ஐஎஸ்ஓ, என்ன பதில்கள், எந்த ஸ்கிரிப்ட், கடைசியில் எதைத் துடைப்பது என்பதை எல்லாம் ஓர் உரைக் கோப்பில் எழுதிவிட்டால், விஎம்மை உருவாக்கி, நிறுவி, துடைத்து, டெம்ப்ளேட்டாக மாற்றுவது வரை அதுவே செய்யும். அந்த உரைக் கோப்பைக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் வைத்தால், டெம்ப்ளேட்டில் எந்த மாற்றத்தை யார் எப்போது செய்தார்கள் என்பதும் பதிவாகிவிடும். ஆனால் முதல் டெம்ப்ளேட்டைக் கையாலேயே செய்யுங்கள் என்றுதான் புதியவர்களிடம் சொல்வேன். எது எங்கே இருக்கிறது என்று கை பழகாமல் பேக்கரில் தொடங்கினால், அது பாதியில் நிற்கும்போது எங்கே பார்ப்பது என்றே தெரியாது.

புதிய டெம்ப்ளேட் சோதனையில் தேறியதும் பழையதை உடனே அழித்துவிடாதீர்கள். புதியதில் ஏதாவது பிசகினால் திரும்பிப் போக முந்தைய மாதத்துடையது ஒன்றாவது இருக்கட்டும். அதற்கு முந்தையவற்றை நீக்கும்போது, அவற்றின் மேல் இணைப்புக் குளோன்கள் எவையும் இன்னும் ஓடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் முதலில் அதன் டிஸ்க்கை முழு நகலாக மாற்றிவிட்டு, பிறகு நீக்குங்கள்.